22 பாகத்தில் ஒரு கூண்டு

போன வாரம் பழைய கணக்கு நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து ஒரு தாள் விழுந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ், அடித்தும் திருத்தியும் என் கையெழுத்து. 2020 ஜனவரி 28ஆம் தேதி மாலை சரசோட்டாவில் மோட் கடல் ஆய்வகத்தில், கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் ஒரு திட்டத்தைப் பற்றி நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசுவதற்காக எழுதி எடுத்துப்போனது. எழுதியதில் பாதியைக்கூட அன்று பேசவில்லை. பேசாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில். பிராடென்டனிலிருந்து கடலைப் பார்த்துப் போனால் ஆன்னா மரியா தீவுக்குப் பாலம் ஏறுவதற்கு முன்னால் கோர்ட்டெஸ் என்றொரு சின்ன ஊர் வரும். 1880களில் வடக்குக் கரோலைனாவிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் உண்டாக்கிய ஊர். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகும் இந்த ஊரில் இன்னும் வலை காய்கிறது, படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். இங்கே ஒரு மீன் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். நான் பிறந்தது சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசல். அப்பா கட்டுமரத்தில் ஆரம்பித்து ஃபைபர் படகு வரைக்கும் வந்தவர். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோது கடலோடு இருந்த உறவு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கோர்ட்டெஸுக்கு முதல்முதலில் வந்தது ஒரு டிசம்பர் மாதம். சினை மடவை ஏறி வரும் காலம். மரமேடையில் ஒரு பெரியவர் மடவையின் வயிற்றைக் கீறி, மஞ்சள் சினையை உடையாமல் இரண்டு விரலால் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மாவின் விரல்கள் அப்படியேதான் போகும். அந்த மேடையிலேயே நின்று வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் என் ஆதங்கம் புரியும்.

ஒரு படகு பத்து, பன்னிரண்டு நாள் தங்கல் போய்த் திரும்புகிறது என்று வையுங்கள். சிவப்புக் களவா, சங்கரா இரண்டும் யார் எத்தனை பவுண்டு பிடிக்கலாம் என்பது ஏற்கெனவே பங்கிட்டிருக்கிறது. சங்கராவுக்கு 2007லிருந்தும் களவாவுக்கு 2010லிருந்தும் இந்தப் பங்கு முறை. படகு எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் கருவி படகிலேயே உண்டு. அதை அணைக்கக் கூடாது. கரைக்கு வருவதற்குக் குறைந்தது 3 மணி நேரம் முன்னாலேயே, இன்ன துறையில் இவ்வளவு மீனோடு இறங்கப் போகிறோம் என்று தகவல் கொடுக்க வேண்டும். இறக்கிய பிறகு நான் டிரிப் டிக்கெட் எழுதுவேன். என்ன மீன், எத்தனை பவுண்டு, எந்த வலை அல்லது தூண்டில், எந்தப் பகுதி, எத்தனை நாள். கோடைக்காலம் வந்தால் இன்னொன்று. ஆயிரம் தூண்டில் படகுகள், அதாவது ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிப் போடுகிறவை, எப்போதுமே 20 பாகத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு பாகம் என்பது 6 அடி. ஆமைகள் மாட்டக் கூடாது என்பதற்காக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 35 பாகத்துக்கும் வெளியே போக வேண்டும். இதெல்லாம் மேக்னசன்-ஸ்டீவன்ஸ் சட்டத்தின் கீழ் வந்த விதிகள். 1976ல் இயற்றிய மீன்பிடிச் சட்டம்.

இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. சங்கரா அழிந்துபோகும் நிலைக்கு வந்து, இந்தக் கணக்குக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் தேறியது. ஒரு பவுண்டுகூடத் தப்பாமல் எழுதும்போது இந்த மீன் நாளைக்கும் இருக்கும் என்ற நிம்மதி எனக்கு உண்டு.

இந்த நிலையில்தான் கூண்டு வந்தது.

சரசோட்டாவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 45 மைல் தள்ளி, 130 அடி ஆழத்தில், 17 மீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு கூண்டு. செப்புக் கலவைக் கம்பிவலை. 20,000 குஞ்சுகளை விட்டு வளர்த்து சுமார் 80,000 பவுண்டு மீன் எடுப்பதாகத் திட்டம். மீன் நம்மூர்ப் பாரை இனம், அல்மாக்கோ ஜாக் என்பார்கள். புயல் வந்தால் கூண்டை நீருக்குள் அமிழ்த்திவிடலாம். ஹவாயைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் திட்டம் அது. வெலெல்லா எப்சிலான் என்று பெயர். கரையிலிருந்து 9 கடல் மைல் வரைக்கும்தான் ஃபுளோரிடா மாநிலத்துக்கு இந்தப் பக்கம் உரிமை. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை ஃபெடரல் கடல், அதாவது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் பொறுப்பு. கூண்டு விழப்போவது அங்கே.

கூட்டத்துக்கு முந்தின ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எவ்ளோ தண்ணி?” என்றார்.

“130 அடிப்பா.”

“அப்ப 22 பாகம். நல்ல கல்லு இருக்குமே அந்தத் தண்ணில. களவா கெடக்கும்.”

“ஆமாப்பா. நம்ம படகெல்லாம் அந்தப் பக்கந்தான் போகும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “கூண்டு போட்டான்னா, நாளைக்கு நம்மாளு அந்த எடத்துல தூண்டி போடலாமா, போடக் கூடாதா? அந்த எடம் யாருக்குன்னு மொதல்ல கேளு தாயி.”

அதைத் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

மோட் ஆய்வகத்தில் அன்றைக்குக் கூட்டம். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்தால் முறைப்படி கூப்பிட்டார்கள். ஒருவருக்குச் சில நிமிடம்தான். மேடையில் இபிஏ அதிகாரிகள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்று தமிழில் சொல்லலாம், இங்கே எல்லோரும் இபிஏ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், பதில் சொல்லமாட்டார்கள். பதில் பிறகு எழுத்தில் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மிகப் பெரும்பாலானவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். வாடகைப் படகில் ஆட்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போகிறவர், பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஓய்வுபெற்று வந்து கடலோரம் வீடு வாங்கிய தம்பதி. ஆதரித்தவர்களும் இருந்தார்கள். ஒரு இளைஞர், இந்த நாடு தின்னும் கடல் உணவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, எங்கோ கண்ணுக்குத் தெரியாத பண்ணையிலிருந்து வருவதைவிட இங்கே நம் கண் முன்னால் வளர்ப்பது மேல் அல்லவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பண்ணைகளில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அமெரிக்கா வாங்கிய இறாலில் முதலிடம் இந்தியாவுக்கு. இங்கே கடையில் பையை எடுத்துத் திருப்பினால் எங்கள் கடற்கரையின் வாசனையே வருகிற மாதிரி இருக்கும்.

எங்கள் கம்பெனிக்கு மீன் போடும் கேப்டன் ஒருவரும் பேசினார். அறுபது தாண்டியவர். 1995ல் இந்த மாநிலம் செவுள் வலையைத் தடை செய்தபோது, அதற்கு முந்தின ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் போட்ட ஓட்டால் வந்த தடை அது, தன் அப்பாவின் வலைகளை வீட்டுக்குப் பின்னால் குவித்துவைத்ததைப் பார்த்தவர். மடவைக்கு வீச்சு வலை, வெளிக்கடலுக்குத் தூண்டில் என்று மாறிப் பிழைத்தவர். கையில் வைத்திருந்த தாள் நடுங்கியது. “எனக்கு எத்தனை பவுண்டு என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்கே நிற்கலாம், எந்த மாதம் நிற்கலாம் என்று சொல்கிறீர்கள். நான் கேட்டு நடக்கிறேன். இந்தக் கூண்டுக்கு அதையெல்லாம் சொல்லப்போவது யார்?” என்று கேட்டுவிட்டு, நேரம் முடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்.

என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அப்பாவின் கேள்வியை மட்டும் கேட்டேன். அந்த இடம் யாருக்கு. அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதில் முதலாவது சட்டம். வக்கீல் படிப்பு படித்தவள் இல்லை நான். இந்த விவகாரத்துக்காக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன்.

மெக்சிகோ வளைகுடாவில் கடல் மீன் பண்ணைகளுக்கு அனுமதி கொடுக்கும் திட்டம் ஒன்றை இங்குள்ள மீன்வள ஆலோசனைக் குழு தயாரித்து அனுப்பியது. வர்த்தகச் செயலாளர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கெடு முடிந்ததும் அது 2009ல் தானாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒருவரும் கையெழுத்துப் போடாமலே ஒரு கடலின் விதி மாறியது. 2016 ஜனவரியில், மத்திய அரசில் கடல் மீன்பிடியைப் பார்க்கும் நோவா அமைப்பு அதற்கான இறுதி விதிகளை வெளியிட்டது. ஆண்டுக்கு 6.4 கோடி பவுண்டு வரை வளர்க்கலாம். அனுமதி 10 ஆண்டுக்கு, அப்புறம் 5 ஆண்டு 5 ஆண்டாகப் புதுப்பிக்கலாம். உள்ளூர் இன மீன் மட்டும்தான், மரபணு மாற்றியது கூடாது. விதிகளில் நல்லதும் இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

மீனவர் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். வழக்கின் உயிர் ஒரு சொல்லில் இருந்தது. மேக்னசன்-ஸ்டீவன்ஸ் சட்டம் மீன்பிடித்தல் என்பதைப் பிடிப்பது, எடுப்பது, அறுவடை செய்வது என்று விளக்குகிறது. அறுவடை என்ற சொல் இருக்கிறதே, பண்ணையில் வளர்த்து எடுப்பதும் அறுவடைதானே, அதனால் அதுவும் எங்கள் அதிகாரத்துக்குள் வருகிறது என்றது நோவா. 2018ல் லூசியானாவின் ஃபெடரல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் மூவரில் இருவர் ஒத்து அதையே சொன்னது. மீன்பிடிக்கென்று போட்ட சட்டத்தை மீன் வளர்ப்புக்கு நீட்ட வேண்டுமானால் அதைக் காங்கிரஸ்தான், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும், ஒரு துறை தானாகச் செய்ய முடியாது என்று தீர்ப்பு.

அப்பாவிடம் இதைப் படித்துச் சொன்னேன். “இதுக்கு எதுக்குக் கோர்ட்டு? பாடு வேற, வெள்ளாம வேற” என்றார். அந்தத் தீர்ப்பின் பக்கங்கள் முழுக்க அந்த நாலு சொல்தான் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கடலில் பாடு பார்க்கிறவன் பொதுவில் இருப்பதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு வருகிறான். வெள்ளாமை செய்கிறவனுக்கு நிலம் வேண்டும், வரப்பு வேண்டும், என் வயலில் நீ இறங்காதே என்று சொல்லும் உரிமை வேண்டும். பாட்டுக்குப் போட்ட சட்டத்தில் வரப்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது, இனி சட்டம் வரும்வரைக்கும் கூண்டு வராது என்று நினைத்தோம். தீர்ப்பு வந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 2020 செப்டம்பர் கடைசியில், இபிஏ அந்தக் கூண்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. எப்படி என்றால், அது மீன்பிடி அனுமதியே இல்லை. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் கழிவுநீர் வெளியேற்ற அனுமதி. தொழிற்சாலைக் குழாயிலிருந்து ஆற்றில் கழிவு விட வாங்குகிற அதே வகைக் காகிதம். கூண்டிலிருந்து மீனின் எச்சமும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் கடலில் கலக்கும். அது எவ்வளவு கலக்கலாம் என்பதுதான் இபிஏ பார்க்க வேண்டியது, அதை அவர்கள் பார்த்தார்கள். நங்கூரம் கப்பல் பாதையில் தடங்கலாக இருக்கிறதா என்பதை ராணுவப் பொறியியல் பிரிவு பார்க்கும். விளக்கும் அடையாள மிதவையும் கடலோரக் காவல்படை. ஆமைக்கும் திமிங்கலத்துக்கும் ஆபத்து உண்டா என்று நோவாவைக் கலந்து கேட்பார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கிறார்கள், நடுவில் யாரும் இல்லை. மீன் தப்பினால் எத்தனை தப்பியது என்று எண்ணப்போவது யார், பக்கத்தில் தூண்டில் போடலாமா கூடாதா, நிறுவனம் நொடித்துப்போனால் நங்கூரத்தை எடுப்பது யார், கடலடி நிலத்துக்கு வாடகை உண்டா? கேப்டன் கேட்டதும் அப்பா கேட்டதும் இந்த நடு இடத்தைப் பற்றித்தான்.

இங்கே என்னை ஒரு கேள்வி கேட்கலாம். ஒரே ஒரு கூண்டு, அதுவும் சோதனைக்கு, இதற்கா இவ்வளவு பதற்றம்? என் கணக்கைச் சொல்கிறேன். கூண்டு 80,000 பவுண்டு. 2016 விதி அனுமதித்த உச்சம் 6.4 கோடி பவுண்டு. வகுத்துப் பாருங்கள். அந்தக் கூண்டைப் போல 800. அந்த விதி செல்லாது என்று ஆகிவிட்டது, ஆனால் இந்தக் கடலில் எவ்வளவு வளர்க்கலாம் என்று அரசு மனதில் வைத்திருந்த அளவு அதுதான். 2020 மே மாதத்தில் ஒரு அதிபர் ஆணை வந்தது, 2025 ஏப்ரலில் இன்னொன்று, இரண்டுமே கடல் மீன் வளர்ப்பைப் பெருக்கச் சொல்கின்றன. இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவர 2018லிருந்து காங்கிரஸில் பல தடவை மசோதா வந்தது, ஒன்றும் நிறைவேறவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, சாலையை யாரும் இன்னும் போடவில்லை.

ஒரு கூண்டின் கழிவு அந்த ஆழத்தில் நீரோட்டத்தில் கரைந்துவிடும் என்று இபிஏ சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் 2018 கோடையை இந்தக் கரையில் இருந்தவர்கள் மறக்க முடியாது. செந்நீர் என்பார்கள், கரேனியா பிரெவிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகிக் கடலே விஷமாவது. 2017 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது 2019 தொடக்கம் வரைக்கும் விடவில்லை. ஆகஸ்டில் ஆளுநர் அவசர நிலை அறிவித்தார். காலையில் கம்பெனிக்கு வந்து காரின் கதவைத் திறந்ததும் தொண்டை கமறும், கண் எரியும். ஆன்னா மரியா தீவின் வெள்ளை மணலில் மீன்கள் வரிசையாகக் கிடந்தன. என் மகள் குனிந்து ஒரு பாரைக் குஞ்சைக் காட்டி, “அம்மா, இது தூங்குதா?” என்று கேட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பாசிக்கு எது எவ்வளவு தீனி போடுகிறது என்பது பெரிய விவாதம். கூண்டுதான் செந்நீரைக் கொண்டுவரும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அறிவு கிடையாது, சொல்லவும் மாட்டேன். இப்படி ஒரு கடலில் புதிதாக நைட்ரஜன் சேர்க்கும் எதையும், ஒன்றொன்றாகப் பார்க்காமல் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இது தெரியும். பில்லைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னத் தொகைதான்.

மீன் தப்பித்தல் பற்றியும் கூட்டத்தில் பேசினார்கள். 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் சைப்ரஸ் தீவுப் பக்கம் சால்மன் கூண்டுத் தொகுதி ஒன்று அப்படியே சரிந்தது. அது மாநிலக் கடல். உள்ளே இருந்தவை 3,05,000 அட்லாண்டிக் சால்மன். அந்தக் கடலுக்குச் சொந்தமில்லாத மீன். முதலில் சில ஆயிரம்தான் தப்பியது என்றார்கள். மாநில அதிகாரிகள் விசாரித்து முடித்தபோது வந்த எண்ணிக்கை 2,43,000க்கும் 2,63,000க்கும் இடையில். காரணம், வலைகளைச் சுத்தம் செய்யாமல் விட்டதில் சிப்பியும் மற்றதும் ஒட்டி 110 டன் பாரம் ஏறியிருந்தது. நீரோட்டம் இழுத்த இழுப்பில் தாங்கவில்லை. லும்மி பழங்குடி மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துப்போய்த் தப்பிய மீனைப் பிடித்துக் கரை சேர்த்தார்கள். அடுத்த மார்ச்சிலேயே அந்த மாநிலம் வெளியூர் இன மீன் கூண்டுகளைப் படிப்படியாக மூடச் சட்டம் போட்டது. மாநிலக் கடல் என்பதால் விசாரிக்க ஒரு துறை இருந்தது, கேட்க ஒரு சட்டமன்றம் இருந்தது. 45 மைலுக்கு அப்பால் இது நடந்தால்?

இரண்டாவது, எங்கள் ஊர். அன்று பேச வராமல் தொண்டையை அடைத்தது இதுதான்.

1990களின் தொடக்கத்தில் சீர்காழிப் பக்கம் இறால் பண்ணைகள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. உப்பனாற்றிலிருந்து மோட்டார் போட்டு உப்புத் தண்ணீரைக் குட்டைகளுக்கு இறைத்தார்கள். ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். ஒரு வருஷத்துக்குள் எங்கள் தெருக் கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை. அம்மா ஒரு மைல் நடந்து போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். கடலுக்குப் போகும் வழியில் ஒரு கம்பெனி முள்வேலி போட்டது. அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போனார். காவலாளியிடம் ஒரு நாள் கேட்டபோது, எல்லா அனுமதியும் இருக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டினானாம். எந்த ஆபீஸ் கொடுத்த அனுமதி, எதற்குக் கொடுத்த அனுமதி என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்காற்றுப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. எங்கள் தெருவில் அன்றைக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். பிறகு 2005ல்தான் கடலோர நீருயிர் வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது, அது பண்ணைகளுக்கு மறுபடி வழிவிட்டது. எங்கள் கிணறு இன்று வரைக்கும் உப்புதான்.

மீன் வளர்ப்பையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டபம் பக்கம் என் அத்தை மகன் கூண்டில் கடல் விரால் வளர்க்கிறான். அதில்தான் அவன் பிள்ளைகள் படிக்கிறார்கள். காலையில் தீனி போடப் போய் மீன் துள்ளுவதை வீடியோ எடுத்து அனுப்புவான், எனக்கும் பார்க்கப் பிடிக்கும். வேலி முதலில் வந்து, சட்டம் பிறகு வருவதைத்தான் எதிர்க்கிறேன். நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகளில் கிணறு உப்பாகிவிடுகிறது.

இங்கே நடந்ததை முடித்துவிடுகிறேன். அனுமதியை எதிர்த்து இபிஏவின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2022 மே மாதம் வாரியம் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று தெளிவாக எழுதச் சொன்னது. பிறகு நிறுவனம் மீனையே மாற்றியது. பாரைக்குப் பதில் ரெட் டிரம். நம்மூர்க் கத்தாழை வகையறா. 2024ல் மறுபடி மக்கள் கருத்துக் கேட்டார்கள்.

அந்த 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி ஹெலீன் புயல் வெளியே போகிற போக்கிலேயே கோர்ட்டெஸுக்குள் கடலைக் கொண்டுவந்து விட்டது. என் கணக்கு அறையில் இடுப்பளவு தண்ணீர். சுத்தம் செய்து முடிப்பதற்குள் அக்டோபர் 9ஆம் தேதி மில்டன் சரசோட்டாவை ஒட்டி சியஸ்டா கீயில் நேராகக் கரையேறியது. கூண்டுக்குக் குறித்திருக்கும் கடலும் இந்தப் புயல்கள் நடமாடும் கடல்தான். கரண்ட் வந்த அன்றைக்கு, சேறு காயாத மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என் கருத்தைத் தட்டினேன். 2020ல் தொண்டையில் நின்றதையெல்லாம் எழுதினேன். மீன் தப்பினால் எத்தனை மணி நேரத்துக்குள், யாரிடம் சொல்ல வேண்டும். கூண்டைச் சுற்றி எத்தனை அடி வரை தூண்டில் போடக் கூடாது, அதை எந்தச் சட்டத்தின் கீழ் சொல்வீர்கள். நங்கூரத்தை எடுக்க முன்பணம் கட்டச் சொல்வீர்களா. இத்தனைக்கும் பதில் சொல்லும் ஒரு சட்டத்தைக் காங்கிரஸ் போடும்வரை பொறுங்கள் என்று கேட்டேன். கடைசி வரியாக அப்பாவின் கேள்வி. அனுப்பியதும் வந்த ரசீது எண்ணைக் கணக்கு நோட்டின் அட்டைக்குள் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் விழுந்த தாள் அந்த நோட்டிலிருந்துதான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பா மறக்காமல் கேட்டார். “அந்த எடம் யாருக்குன்னு சொன்னாங்களா?”

“இன்னும் இல்லப்பா.”

“கேட்டுக்கிட்டே இரு.”

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கேப்டனின் படகிலிருந்து தகவல் வந்துவிட்டது. 3 மணி நேரத்தில் துறை சேர்கிறார். களவா 1,900 பவுண்டு என்று சொல்லியிருக்கிறார். தராசைக் கழுவி, டிரிப் டிக்கெட்டை எடுத்து வைக்க வேண்டும்.